கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்: ஜெர்மனிக்குப் படிக்க வந்த பிள்ளைகள் கேட்டவை

கெம்னிட்ஸில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். அக்டோபரில் வந்து இறங்கும் பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் வீடு, பேங்க், இன்சூரன்ஸ் என்று கேட்பார்கள். நவம்பர் கடைசியில் கேள்விகள் வேறு பக்கம் திரும்பும். ஹாஸ்டல் அடுப்படியில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே ஒரே பதிலைப் பதினைந்து பேருக்குச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் இருப்பது சாக்சனி மாநிலம். சட்டம், விடுமுறை எல்லாம் மற்ற மாநிலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பழக்கவழக்கம் ஊருக்கு ஊர் மாறும்.

அக்கா, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுது. இப்படியேதான் இருக்குமா?

டிசம்பர் முழுக்க இப்படித்தான். காலை எட்டு மணிக்குத்தான் விடியும். லேப்பில் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்தால் சூரியனையே பார்க்காமல் ஒரு வாரம் ஓடிவிடும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் வருடம் நான் இதைச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, காபி போட்டு நிமிர்ந்தால் வெளியே ராத்திரி.

ஓர் ஆறுதல்: வருடத்திலேயே சீக்கிரமாகச் சூரியன் மறைவது டிசம்பர் 21 அல்ல, பத்து, பன்னிரண்டு தேதிவாக்கிலேயே அது நடந்து முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் வருவதற்குள் சாயங்காலம் சில நிமிடம் நீள ஆரம்பித்திருக்கும்.

ஜன்னலுக்கு ஜன்னல் வளைவா விளக்கு வச்சிருக்காங்களே, அது என்ன? நம்ம கார்த்திகை மாதிரியா?

அதன் பெயர் ஷ்விப்போகன். கெம்னிட்ஸுக்குத் தெற்கே செக் நாட்டு எல்லையில் இருக்கும் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதிக்காரர்களின் பொருள். எர்ட்ஸ் என்றால் உலோகத் தாது. வெள்ளிச் சுரங்கம் வெட்டிப் பிழைத்த ஊர்கள் அவை. குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி இருட்டில் இறங்கி இருட்டில்தான் மேலே வருவான், அவனுக்கு வெளிச்சம்தான் பெரிய ஆசை, அதனால்தான் ஜன்னலில் விளக்கு என்று இங்கே சொல்வார்கள். யோஹான்கேயார்கென்ஷ்டட் என்ற ஊரில் 1740-ல் இரும்பில் செய்ததுதான் நமக்குத் தெரிந்த பழைய ஷ்விப்போகன்களில் ஒன்று. இப்போது மரத்தில் வெட்டி, பல்பு போட்டு விற்கிறார்கள். அட்வென்ட் என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய காலம் தொடங்கும் வார இறுதியில் தெரு முழுக்க ஏற்றிவிடுவார்கள். திருக்கார்த்திகையும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் வரும். சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் டிராமில் போகும்போது வரிசையாக ஜன்னல் விளக்குகளைப் பார்த்தால் எனக்குத் திண்டுக்கல்லில் எங்கள் தெருத் திண்ணைகள்தான் ஞாபகம் வரும்.

அதே மலைக்காரர்களின் இன்னொரு பொருள், வாயால் புகைவிடும் மரப்பொம்மை. வயிற்றைக் கழற்றி உள்ளே கூம்பு வடிவில் ஒரு சிறு வில்லையைக் கொளுத்தி வைப்பார்கள். பொம்மையின் வாயிலிருந்து மெல்லப் புகை வரும். கரித்தூளும் குந்திரிக்கமும் சேர்த்துச் செய்த வில்லை அது. மார்க்கெட்டில் முதல்முறை அந்த வாசனை வந்தபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் கொளுத்துவதற்கு முன் புகை அலாரம் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

அட்வென்ட்னா எந்தத் தேதி?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். வளையத்தில் நான்கு மெழுகுவத்தி வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். பேராசிரியர் "மூன்றாம் அட்வென்ட்டுக்கு முன்னால் ரிப்போர்ட் வேண்டும்" என்றால் தேதி சொல்லிவிட்டார் என்று அர்த்தம். எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பாடு.

காலையில எழுந்து பார்த்தா வாசல்ல என் ஷூவுக்குள்ள சாக்லேட் இருக்கு. யாராவது தெரியாம வச்சுட்டாங்களா?

தேதி டிசம்பர் 6 தானே? அன்று நிக்கோலாஸ் நாள். 5-ஆம் தேதி ராத்திரி குழந்தைகள் ஷூவைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் உள்ளே சாக்லேட், ஆரஞ்சு, கொட்டைகள் இருக்கும். உங்கள் மாடியில் யாரோ ஒரு ஜெர்மன் பிள்ளை எல்லார் ஷூவிலும் போட்டிருக்கிறது. சாப்பிடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் போடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி அந்தச் சாக்லேட்டைத் தொடாமல் இரண்டு நாள் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுக்குக் கீழே வைத்திருந்தான், சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

கிறிஸ்துமஸ் மார்க்கெட்டுக்குப் போனா காசு கரையுது. அப்படி என்னதான் பார்க்கணும் அங்க?

உள்ளே போக டிக்கெட் கிடையாது, காசு கரைவது வாயால்தான். க்ளூவைன் என்ற மசாலா போட்ட சூடான ஒயினுக்குப் போன வருடம் நான்கு யூரோவுக்கு மேல் கொடுத்தேன். அதோடு கோப்பைக்குத் தனியாக ஃபான்ட், அதாவது திரும்பக் கிடைக்கும் முன்பணம். கோப்பையைக் கொடுத்தால் காசு கைக்கு வரும். புதுப் பிள்ளைகள் பாதிப்பேர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நடந்துவிடுகிறார்கள். பிடித்திருந்தால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகலாம், அது திருட்டில்லை, முன்பணம் போனதோடு சரி. ஒயின் வேண்டாதவர்கள் "கின்டர்புன்ஷ்" என்று கேளுங்கள். பெயர் குழந்தைகளுடையது, பெரியவர்களுக்கும் தருவார்கள். அதில் ஆல்கஹால் கிடையாது.

என் வழக்கம்: சனிக்கிழமை கூட்டத்தில் போகமாட்டேன். செவ்வாய், புதனில் வகுப்பு முடிந்து ஆறு மணிக்குப் போய், வறுத்த சர்க்கரை பாதாம் ஒரு சிறு பொட்டலம், ஒரு கோப்பை பானம், ஒரு மணி நேரம். பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் மட்டும் டிரெஸ்டன் போய்வாருங்கள், ரீஜனல் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்குள்ள ஷ்ட்ரீட்செல்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் மார்க்கெட் 1434-ல் தொடங்கியது. இரண்டாம் அட்வென்ட்டுக்கு முந்தைய சனிக்கிழமை ராட்சத ஷ்டொல்லன் கேக்கை ஊர்வலமாகக் கொண்டுவந்து வெட்டுவார்கள். நான்காம் அட்வென்ட் ஞாயிறன்று அன்னாபெர்க்-புக்ஹோல்ட்ஸில் சுரங்கத் தொழிலாளர் அணிவகுப்பு நடக்கும், பழைய சீருடை, பித்தளை வாத்தியம் சகிதம். கையுறை இல்லாமல் அதற்குப் போகாதீர்கள்.

பல ஊர்களில் மார்க்கெட் 23-ஆம் தேதியோடு முடிந்துவிடும். லீவு விட்டதும் 26-ஆம் தேதி போகலாம் என்று வைத்திருந்தால் கம்பிகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவதைத்தான் பார்ப்பீர்கள்.

நான் சுத்த சைவம். மார்க்கெட்ல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, சுட்ட செஸ்ட்நட், பாதாம், சாக்லேட்டில் முக்கிய பழம் எல்லாம் சரி. சாக்சனியில் ஹான்ட்ப்ரோட் என்று ஒன்று உண்டு, அடுப்பிலிருந்து எடுத்ததும் வெட்டித் தரும் அடைத்த ரொட்டி. அதில் காளான்-சீஸ் வகையும் இருக்கும், பன்றிக்கறி வகையும் இருக்கும். கேட்டு வாங்குங்கள். காளான் வதக்கலில் சொல்லாமலே பன்றிக்கொழுப்புத் துண்டுகள் போட்டிருப்பார்கள். "ஓனே ஷ்பெக்?" என்று கேட்டால் போதும், ஷ்பெக் இல்லாமலா என்று அர்த்தம். பலகையில் ஷ்மால்ட்ஸ் என்ற சொல் கண்டால் அது பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. மிட்டாய் அட்டையில் கெலாட்டீனே என்றிருந்தால் அது விலங்கிலிருந்து வருவது.

ஷ்டொல்லனில் மாமிசம் இல்லை, ஆனால் உலர்திராட்சையை ரம்மில் ஊறப்போட்டிருப்பார்கள். அதில் கொட்டும் வெண்ணெய்க்கு ஒரு கதை உண்டு. அட்வென்ட் ஒரு காலத்தில் விரத மாதம், வெண்ணெய்க்குத் தடை, எண்ணெயில்தான் செய்ய வேண்டும். வெண்ணெய் போட அனுமதிக்கும் கடிதம் ரோமிலிருந்து போப்பிடம் வாங்கினார்கள், 1491-ல். நம் வீட்டிலும் விரதத்துக்குள் ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டி இருப்பார் அல்லவா, அந்த மாதிரிதான்.

கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?

இருக்காது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியில் ஞாயிறன்று கடை கிடையாது என்பது இதற்குள் பழகியிருக்கும். டிசம்பர் 24 வேலைநாளாக இருந்தால் பகல் இரண்டு மணிக்குக் கடைகள் மூடும், பல கடைகளில் அதற்கும் முன்பே அலமாரி காலி. 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 2026-ல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. 24 மதியம் மூடினால் 28 திங்கள் காலைதான் திறப்பு. மென்சா என்ற பல்கலைக்கழக உணவகமும் அந்த வாரம் இயங்காது, நூலகமும் பூட்டு. அலுவலகங்கள் பல புத்தாண்டு வரை கதவைத் திறக்காது. பேருந்து, டிராம் ஓடும், ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி, 24 சாயங்காலம் இன்னும் குறைவாக.

22-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள்: அரிசி, பருப்பு, வெங்காயம், பால், ரொட்டி, காய்ச்சல் மாத்திரை. தக்காளியை மறந்துவிட்டு 25-ஆம் தேதி ரயில் நிலையக் கடையில் இரட்டிப்பு விலைக்கு வாங்கியவள் நான். ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், சில கெபாப் கடைகள்தான் அன்றைக்குக் கதி. மருந்துக்கடையில் முறை வைத்து ஒன்று எப்போதும் திறந்திருக்கும். உடம்புக்கு முடியாமல், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117, ஆபத்து என்றால் 112.

இந்தக் குளிர்ல தோசை மாவு புளிக்கவே மாட்டேங்குது. ஹீட்டர் மேல வச்சா புளிக்குமா?

ஹீட்டர் மேலேயே வைத்தால் அடிப்பக்கம் வெந்துபோகும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, துண்டில் சுற்றி வையுங்கள். இதைவிட நல்ல வழி ஓவன்: சூடேற்றாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் போட்டு, பாத்திரத்தை மூடி வைத்து, கதவைச் சாத்திவிடுங்கள். எனக்குப் பதினான்கு மணி நேரத்தில் பொங்கியிருக்கிறது. கையால் கலக்குங்கள், உப்பு முன்னாலேயே போடுங்கள். ஓவன் கதவில் "உள்ளே மாவு இருக்கிறது, சூடாக்காதே" என்று ஜெர்மனில் சீட்டு ஒட்டுங்கள். ஒட்டாத வாரம் ஒரு பையன் பீட்சாவுக்காக 220 டிகிரியில் ஓவனைத் திருகினான். பாத்திரத்தின் பிளாஸ்டிக் மூடி உருகி மாவில் கலந்தது. இட்லி போச்சு, நட்பு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மிக்ஸியை ஞாயிறன்றும் ராத்திரி பத்துக்கு மேலும் போடாதீர்கள். அமைதி நேரம் என்பதை இங்கே வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். மாவரைக்கச் சனிக்கிழமை பகல்தான் நேரம்.

ஹீட்டரை அஞ்சுல வச்சாலும் ரூம் சூடாக மாட்டேங்குது, சுவத்துல கறுப்பா ஏதோ படியுது.

குமிழில் இருக்கும் எண் வேகமில்லை, வெப்பநிலை. மூன்று என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. ஐந்தில் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, கடைசியில் அதிகமாகச் சூடாகும், பில்லும் ஏறும். மூன்றில் வைத்துப் பொறுமையாக இருங்கள்.

கறுப்பாகப் படிவது பூஞ்சை. குளிர் வருகிறதென்று ஜன்னலைத் திறக்காமல், அறைக்குள்ளேயே துணி காயப்போட்டு, சோறும் வடித்தால் ஈரம் போக இடமில்லாமல் சுவரில் உட்காரும். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதும் தப்பு. தினம் மூன்று முறை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம், பிறகு மூடிவிடுங்கள். குளிரும், தாங்குங்கள். வீட்டைக் காலிசெய்யும்போது பூஞ்சைக்காக அட்வான்ஸில் பிடித்துக்கொண்டால் அது இன்னும் குளிரும்.

கார்த்திகைக்கு ரூம்ல அகல் ஏத்தலாமா? சாம்பிராணி?

ஹாஸ்டல் ஒப்பந்தத்தைப் பாருங்கள், பெரும்பாலும் நெருப்புக்குத் தடை இருக்கும். தடை இல்லாவிட்டாலும் கூரையில் புகை அலாரம் உண்டு. எங்கள் கட்டடத்தில் அது தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டது என்பதை நான் தெரிந்துகொண்ட விதம் வருமாறு: முன்னே சொன்ன புகைபொம்மையை ஆசையாக வாங்கி, அலமாரி உச்சியில், அலாரத்துக்கு இரண்டடிக்குக் கீழே வைத்துக் கொளுத்தினேன். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் பைஜாமாவோடு வாசலில் நின்றார்கள், எதிரே சிவப்பு லாரி. பொம்மை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு அது புகைபிடிப்பதை நிறுத்திவிட்டது.

பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலைப்பருப்பு தாளிக்கும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்து, வராந்தாக் கதவைச் சாத்துங்கள். சாமி கோபிக்காது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மாஸ்டர் கோபிப்பார்.

லேப்ல விஷ்டெல்ன்னு ஏதோ நடக்குதாம், என் பேரையும் சேர்த்துட்டாங்க. என்ன குடுக்கறது?

சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் என்று தெரியாமல் பரிசு கொடுப்பது. ஐந்து யூரோ, பத்து யூரோ என்று ஓர் உச்சவரம்பு சொல்லியிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். தாராளமாகக் கொடுத்தால் வாங்குபவருக்குச் சங்கடம். நான் மசாலா டீத்தூளோடு, எப்படிப் போடுவது என்று கையால் எழுதிய சீட்டு வைத்தேன், நன்றாகப் போயிற்று. ஒன்று கவனியுங்கள்: அழைப்பில் "ஷ்ரொட்-விஷ்டெல்ன்" என்றிருந்தால் வீட்டில் கிடக்கும் உருப்படாத பொருளைத்தான் கட்டித் தர வேண்டும். நல்ல பொருளோடு போனால் நீங்கள்தான் விதியை மீறியவர்.

அம்மா பார்சல் அனுப்பறேங்கறாங்க. முறுக்கு, பால்கோவா, நெய் எல்லாம் வருமா?

முறுக்கு, தட்டை, இட்லிப்பொடி வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் பால்பொருளும் இறைச்சியும் அனுப்பத் தடை. ஆகவே நெய் பாட்டில், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்த உப்புக்கண்டம் எதுவும் வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிடித்தால் அழித்துவிடுவார்கள்.

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோ மதிப்பு வரை சுங்க வரியில்லை. மேலே ஒட்டும் படிவத்தில் "உணவு" என்று மொட்டையாக எழுதாமல் ஒவ்வொரு பொருளையும் விலையோடு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுங்க அலுவலகத்துக்கு வா என்று கடிதம் வரும். அங்கே அதிகாரி முன்னால் நாமே பிரித்துக் காட்டி, "இது என்ன?" என்று பருப்புப்பொடியைக் காட்டிக் கேட்கும்போது ஜெர்மனில் விளக்க வேண்டும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பெயரில்லாத வீட்டுக்குப் பார்சல் வராது. டிசம்பர் நெரிசலில் தாமதம் சகஜம், நவம்பர் முதல் வாரமே அனுப்புவது நல்லது.

டிசம்பர்ல பார்சல் குடோன்ல நிறைய வேலை இருக்காம். எவ்வளவு நேரம் செய்யலாம்?

மாணவர் அனுமதியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான்கு மணி நேரம் வரை அரை நாள். 2024 மார்ச்சுக்கு முன்னால் இது 120, 240 ஆக இருந்தது, பழைய சீனியர்கள் அந்தக் கணக்கைத்தான் இன்னும் சொல்வார்கள். கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. கோடையில் முழுநேரம் உழைத்தவர்கள் டிசம்பரில் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது. இது தவிர, செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் என்ற எல்லை இன்சூரன்ஸ் சலுகைக்காக உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் தனித்தனி.

குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 12.82 யூரோ, 2026-ல் 13.90. அதற்குக் கீழே, கையில் ரொக்கம் என்று யாராவது சொன்னால் விலகுங்கள், நம் ஊர்க்காரரே சொன்னாலும். என் கருத்து: முதல் செமஸ்டரில் டிசம்பர் வேலைக்குப் போக வேண்டாம். பிப்ரவரி பரீட்சைக்கு அந்த மூன்று வாரம்தான் அஸ்திவாரம். காசு முடையென்றால் பேச்சு வேறு.

மார்க்கெட்ல நாமளே ஒரு சமோசாக் கடை போட்டா என்ன?

சொந்தத் தொழிலுக்கு மாணவர் அனுமதி போதாது, தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஹாஸ்டலில் சமைத்துக் காசுக்கு விற்பதும் இதில்தான் சேரும். ஆசைப்பட்டால் ஏதாவது கடையில் வேலைக்குச் சேருங்கள், அப்போது மேலே சொன்ன 140 நாள் கணக்கு.

லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்துடவா?

வகுப்பு இல்லாதது சுமார் இரண்டு வாரம், ஜனவரி முதல் வாரத்திலேயே திரும்பத் தொடங்கும். டிக்கெட் விலை வருடத்தின் உச்சியில் இருக்கும் சமயம் இதுதான். போய்ச் சேர ஒரு நாள், வர ஒரு நாள், சொந்தக்காரர் வீடுகளுக்கு நான்கு நாள். பரீட்சை முடித்து மார்ச்சில் போனால் செலவும் குறைவு, மனமும் அங்கே இருக்கும். ஆனால் வீட்டில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணம் இருந்தால் கணக்குப் பார்க்காமல் போய்விடுங்கள். நான் ஒரு முறை கணக்குப் பார்த்தேன்.

என் பெர்மிட் டிசம்பர் 30-ல முடியுது. அப்பாயின்ட்மென்ட் ஜனவரியிலதான். நான் போலாமா, வரலாமா?

முடிவதற்கு முன்னாலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். அப்பாயின்ட்மென்ட் எப்போது என்பது அதற்கு அடுத்ததுதான். காலத்தில் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும் வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஆதாரமாக ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற வாய்க்குள் நுழையாத தாளைக் கேட்டு வாங்குங்கள். கிறிஸ்துமஸ் வாரம் அலுவலகம் மூடும் என்று முன்னே சொன்னேன், ஆகவே டிசம்பர் முதல் வாரமே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலையும் வந்த பதிலையும் அச்செடுத்து வையுங்கள்.

பயணத்துக்கு வருவோம். அந்தத் தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்குவது பற்றிய சட்டத்தின் 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டைவிட்டுப் போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வர அது உதவாது. 4 என்றிருந்தாலும் சென்னை விமான நிலைய கவுன்டரில் இருப்பவருக்கு அந்தத் தாளை முன்பின் தெரியாமல் இருக்கலாம். பதற்றப்படும் சுபாவம் என்றால் கார்டு கைக்கு வந்த பிறகு போங்கள்.

சரி, பிராக் வரைக்குமாவது போய்ட்டு வரலாமா?

செல்லுபடியாகும் ரெசிடன்ஸ் கார்டு இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போகலாம். பாஸ்போர்ட், கார்டு இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், போனில் போட்டோ போதாது. இந்த வாரங்களில் எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பதுண்டு. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: அது உள்ளூர், ரீஜனல் வண்டிகளுக்குத்தான், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது.

பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி 24-ஆம் தேதி சாப்பிடக் கூப்பிடுறாங்க. போகலாமா? சும்மா மரியாதைக்குக் கூப்பிடுறாங்களா?

போங்கள். 24 சாயங்காலம் இங்கே குடும்பத்துக்கு மட்டுமான நேரம். மரியாதைக்காக அன்றைக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போங்கள், ஐந்து நிமிடம் முன்னாலும் வேண்டாம். சைவம் என்பதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு மேஜையில் அல்ல. பூவோ சாக்லேட்டோ போதும். பரிசு பிரிப்பது அன்று ராத்திரியே நடக்கும்.

என் மாடிக்குக் கீழே இருக்கும் அம்மாள் மலைப்பகுதிக்காரர். போன வருடம் அவர் வீட்டில் நொய்னெர்லா என்ற ஒன்பது பதார்த்த விருந்து. சாசேஜ், மாவுருண்டை, புளித்த முட்டைகோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம். எனக்காக மசூர் போல ஒரு பருப்பைக் கொழுப்பில்லாமல் தனியாக வேகவைத்திருந்தார். பருப்பு சாப்பிட்டால் வருடம் முழுக்கச் சில்லறைக்குப் பஞ்சம் இருக்காதாம். அப்படியென்றால் எங்கள் ஊரில் அத்தனை பேரும் கோடீஸ்வரர்கள் என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது, பிறகு சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார். சாப்பிட்டு முடியும் வரை மேஜையைவிட்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். கை கழுவப் பாதியில் எழுந்த என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

எல்லாரும் "குட்டன் ருட்ஷ்"ங்கறாங்க. அகராதியில பார்த்தா "நல்லா வழுக்கு"ன்னு வருது!

புது வருடத்துக்குள் சுகமாக வழுக்கிக்கொண்டு போ என்று வாழ்த்து. லீவுக்கு முன் கடைசியாகப் பார்க்கும்போது சொல்வார்கள். ஜனவரி பிறந்த பிறகு சொன்னால் சிரிப்பார்கள். நடைபாதையில் பனி உறைந்திருக்கும்போது நீங்கள் விழுந்தால் அது வேறு வழுக்கல். அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக இருக்கும் ஷூ வாங்குங்கள்.

எங்க மாடியில எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நான் மட்டும்தான். பயமா இல்ல, ஆனா என்னமோ மாதிரி இருக்கு.

24 மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர் அடங்குவது எப்படி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. டிராம் காலியாக ஓடும். அடுப்படியில் பிரிட்ஜ் சத்தம் கேட்கும். என் முதல் வருடம் அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன் செய்யவில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று. தப்பு. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி. அம்மா ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கும்போது இங்கே சாயங்காலம் ஐந்து, இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்துக்கே பேசுங்கள். அன்று மாலை சர்ச்சில் பாட்டும் வழிபாடும் உண்டு, எந்த மதத்துக்காரரும் கடைசி வரிசையில் போய் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆர்கன் சத்தத்துக்காகவே நான் போவேன்.

"என்னமோ மாதிரி" வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மாணவர் நலச் சேவையில் உளவியல் ஆலோசனை உண்டு, லீவுக்கு முன்பே நேரம் வாங்குங்கள். கடைகள் மூடிய நாட்களிலும் இரவும் பகலும் இலவசமாக எடுக்கும் எண் 0800 111 0 111, பேச்சு ஜெர்மனில் இருக்கும்.

மற்றபடி, 25-ஆம் தேதி காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடி அடுப்படியில் இட்லி. மாவு 24 ராத்திரியே ஓவனுக்குள் போய்விடும், சீட்டும் ஒட்டியிருப்பேன். என்னிடம் ஆறு தட்டுதான் இருக்கிறது, உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.